நானூறு இணைப்புகள் வந்தன, பத்தொன்பது அறுந்தன: ஒரு சிறு தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தையல் மிஷின் பழுதுபார்ப்பவர் ஒருவர் 2016-இல் தொடங்கிய தமிழ் இணையதளம் இது. எழுத்து வேலை மகளுடையது. அப்பா மிஷினைக் கழற்றிக்கொண்டே சொல்வார், மகள் தட்டச்சு செய்வார். படங்களை அவர் நோட்டில் பேனாவால் வரைவார். அது கைபேசியில் படமெடுக்கப்பட்டு அப்படியே தளத்தில் ஏறும். 2023 முடிவில் 64 பக்கங்கள் இருந்தன. ஊசி எண் அட்டவணை, துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எதைப் பார்ப்பது, பாபின் கேஸ் திருகை எவ்வளவு திருப்பலாம், எண்ணெய் எங்கெங்கே விடுவது என்று எல்லாமே கைவேலைக்காரரின் எழுத்து. விளம்பரம் கிடையாது. அவர் அச்சிட்டு விற்கும் சிறு கையேட்டுக்கு ஆர்டர் வரும், பழுது பற்றிய கேள்விகள் வரும், அவ்வளவுதான் தளத்தால் கிடைத்த பயன். அந்தக் கையேட்டின் சில பக்கங்களுக்கு அடியில் தளத்தின் முகவரிகள் அச்சாகியிருந்தன. சின்ன விஷயம்தான், ஆனால் பின்னால் ஒரு முடிவை இதுவே தீர்மானித்தது.

கூகுள் தேடலிலிருந்து அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 120 கிளிக் வந்துகொண்டிருந்தது. உரிமையாளருக்கு இந்த எண்ணே தெரியாது. கூகுள் தேடலில் ஒரு தளத்தின் நிலையை அதன் உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவியை மகள் எப்போதோ தளத்துடன் இணைத்திருந்தார். அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருவருக்குமே இல்லை. "எட்டு வருஷமா எழுதறேன், ஒருத்தர் வந்து பாக்கற மாதிரியே தெரியலையே தம்பி" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். வருகிறவர் அட்டவணையைப் பார்ப்பார், ஊசியை மாற்றப் போய்விடுவார். நின்று நன்றி சொல்ல அவருக்கு நேரமில்லை. அந்த மௌனத்தைத்தான் இவர் ஆளில்லாத தளம் என்று எடுத்துக்கொண்டார்.

சிறு தளங்களைப் பராமரிப்பது என் தொழில். மகள் முன்பு என்னோடு வேலை பார்த்தவர். இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்கள் பெயரோ தளத்தின் பெயரோ இதில் இருக்காது.

ஜனவரி 2024: விற்றவர் விற்றது என்ன

உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய தளத்தின் "அத்தாரிட்டி" 6 மட்டுமே, மூன்று மாதத்தில் அதை 30 ஆக்கித் தருகிறோம் என்றது. 400 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து இந்தத் தளத்தைச் சுட்டும் இணைப்புகள்), மாதம் 10,000 பார்வையாளர்கள், கூடவே தளத்தில் தொழில்நுட்பச் சீரமைப்பு. மூன்றும் சேர்ந்து ஒரே பேக்கேஜ்.

அந்த 6 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனை முழுவதும் அதன் மேல்தான் நடந்தது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரினும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறைதான், ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் சுட்டுகிறார்கள் என்பதை அதன் மதிப்புக்கு அளவாக்கியது. பல வருடங்கள் கூகுள் அந்த மதிப்பைப் பத்துக்கு இத்தனை என்று வெளியே காட்டியும் வந்தது. 2016-இல் காட்டுவதை நிறுத்திவிட்டது. உள்ளே என்ன கணக்கு என்பது வெளியே தெரியாமல் போன இடத்தில், மோஸ், ஏஹெச்ரெஃப்ஸ் போன்ற நிறுவனங்கள் தாங்களே கணக்கிட்டுத் தரும் 100-க்கு இத்தனை என்ற எண்கள் புழங்குகின்றன. இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். கூகுள் தரவரிசைக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே 6-ஐ 30 ஆக்கியும் தேடலில் எதுவும் மாறாமல் இருக்கலாம். விற்றவர் இதைச் சொல்லவில்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவர்கள் அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கொடுத்தார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாமென்பாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி, மார்ச்: இரண்டு வரைபடங்கள்

பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து, எந்த வழியாக வந்தாலும் தளத்துக்கு வரும் வருகைகளை எண்ணும் அனலிடிக்ஸ் கருவியின் வரைபடம் செங்குத்தாக ஏறியது. நாளுக்கு 300, 350 வருகைகள். விற்றவர் அந்தப் படத்தை வாராவாரம் அனுப்பினார். உரிமையாளர் அதை மகளிடம் காட்டி, செய்த காரியத்தையும் அப்போதுதான் சொன்னார்.

மகள் சர்ச் கன்சோலைத் திறந்தார். அங்கே கோடு கீழே போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி நடுவில் தொடங்கிய இறக்கம் மார்ச் முடிவில் நாளுக்கு 45 கிளிக் என்ற அளவில் வந்து நின்றது. ஒரே தளம், ஒரே மாதம். ஒரு படத்தில் கூட்டம் மும்மடங்கு, இன்னொன்றில் பாதிக்கும் குறைவு.

அந்த நேரத்தில் வேறொன்றும் நடந்தது. மார்ச் 5-ஆம் தேதி கூகுள், தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் தன் அல்காரிதத்தில் ஒரு பெரிய மாற்றத்தைத் தொடங்கியது; அது ஏப்ரல் 19 வரை 45 நாள் நீடித்தது. அதே நாளில், தேடலை ஏமாற்றும் வழிகளுக்கு எதிரான ஸ்பேம் கொள்கைகளும் புதுப்பிக்கப்பட்டன. செய்தியைப் படித்த உரிமையாளர், லிங்க் வாங்கியதற்காகக் கூகுள் தண்டித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். விற்றவரிடம் கேட்டார். "பெனால்டி ரிமூவல்" என்று இன்னொரு பேக்கேஜ் இருப்பதாகப் பதில் வந்தது. அதற்கும் சரியென்று சொல்லப் போனவரை மகள் நிறுத்தி, என்னை அழைத்தார்.

ஏப்ரல்: என்ன பார்த்தோம்

முதலில் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பக்கம். கூகுளின் ஆட்களே ஒரு தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே அறிவிப்பு இருக்கும். எதுவும் இல்லை. தண்டனை என்று உரிமையாளர் நினைத்தது குறைந்தபட்சம் அந்த வடிவில் நடக்கவில்லை.

அடுத்து அனலிடிக்ஸ். புதிதாக வந்த கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் "நேரடி வருகை"; எல்லோரும் முகப்புப் பக்கத்துக்கே வந்தார்கள்; எல்லோருடைய திரையும் ஒரே அளவு; தங்கிய நேரம் ஒரு வினாடி, அல்லது அதுவும் இல்லை. இரண்டாவது பக்கத்தைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. தையல் மிஷின் பழுதாகி வந்தவர் முகப்பைப் பார்த்துவிட்டு ஒரு வினாடியில் திரும்பிப் போகமாட்டார். அவை மனித வருகைகளே அல்ல.

பிறகு லிங்க் பட்டியல். விற்றவர் தந்த தாளில் 412 வரிகள். மகளும் நானும் ஆளுக்கு 20 வீதம் கையால் திறந்து பார்த்தோம். பதின்மூன்று திறக்கவே இல்லை. ஒன்பது, ஏதோ சேவைகளில் புதிதாகத் தொடங்கப்பட்ட வெற்றுக் கணக்குகளின் சுயவிவரப் பக்கங்கள். பதினொன்று, சம்பந்தமில்லாத பிறமொழிக் கட்டுரைகளுக்குக் கீழே விடப்பட்ட கருத்துகள். மீதி ஏழும் "கட்டுரைகள்". எல்லாவற்றிலும் லிங்க்கின் வாசகம் ஒன்றே: சிறந்த தையல் இயந்திரப் பழுதுபார்ப்பு சேவை. இயல்பாக லிங்க் கொடுக்கிறவர்கள் ஒருவர் "ஊசி அட்டவணை" என்பார், ஒருவர் "இங்கே பாருங்கள்" என்பார், ஒருவர் வெறும் முகவரியை ஒட்டுவார். நானூறு பேர் ஒரே சொற்றொடரைச் சொன்னார்கள் என்றால் நானூறு பேர் இல்லை என்றே அர்த்தம்.

அந்த ஏழு கட்டுரைகளில் ஒன்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தளத்தின் ஊசிப் பக்கத்தை எடுத்து ஏதோ மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றியிருக்கிறார்கள். மென்பொருளுக்குத் தெரிந்த ஊசி வேறு. "ஊசி போட்ட பிறகு மிஷினுக்குச் சிறிது ஓய்வு கொடுங்கள், வீக்கம் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்" என்று இருந்தது. உரிமையாளரிடம் வாசித்துக் காட்டினோம். முதலில் சிரித்தார். பிறகு, அந்தப் பக்கத்தில் அவருடைய பெயரும் இருப்பதைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டார்.

இவ்வளவும் வீண் செலவு என்பதைக் காட்டியது. ஆனால் கிளிக் ஏன் குறைந்தது என்பதற்கு இதில் விடை இல்லை. வாங்கிய லிங்க்குகளை எண்ணிக்கொண்டிருந்ததில் இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கைக்குப் போனோம்; அங்கே "கிடைக்கவில்லை (404)" என்ற வரிசையில் 64 முகவரிகள். தளத்தில் இருந்ததே 64 பக்கங்கள்தான்.

"தொழில்நுட்பச் சீரமைப்பு" என்பது இதுதான். பழைய முகவரிகள் தமிழ் எழுத்தில் இருந்தன. தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக நீளும். "ஊசி" என்ற சொல்லில் குறிகள் மூன்று: ஊ, ச, இகரக் கொக்கி. ஒட்டும்போது அது 27 எழுத்துகள். பார்க்க அசிங்கம்தான், சில இடங்களில் பாதியில் வெட்டுப்பட்டு உடைவதும் உண்டு. விற்றவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. ஆனால் கூகுளுக்குத் தமிழ் முகவரியைப் படிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. அவர்கள் பிப்ரவரி 12-ஆம் தேதி 61 முகவரிகளையும் தரவுத்தளத்தில் நேரடியாக ஆங்கில எழுத்துக்கு மாற்றினார்கள், 3 பக்கங்களை "உள்ளடக்கம் போதாது" என்று அழித்தார்கள். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 ரீடைரக்ட் ஒன்றுகூடப் போடவில்லை.

அடுத்துத் திறந்தது சர்வர் லாக், அதாவது தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையின் பதிவு. தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையில் 30 நாள் லாக் மட்டுமே இருந்தது. அதற்கு முந்தையது கிடைக்கவில்லை. அந்த 30 நாளில் 404 வாங்கித் திரும்பிய கோரிக்கைகளைப் பிரித்து, அவை எங்கிருந்து வந்தன என்பதைப் பார்த்தோம். ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் பாடப் பட்டியல். ஒரு நூலகத்தின் கைத்தொழில் வழிகாட்டிப் பக்கம். இன்னொரு பழுதுபார்ப்பவரின் தளம். உதிரிபாகம் விற்பவர் ஒருவரின் கேள்வி பதில் பக்கம். இப்படி 19 தளங்கள். எட்டு வருடத்தில் யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் கொடுக்கப்பட்டவை. எல்லாமே "பக்கம் இல்லை" என்ற திரையில் போய் முட்டிக்கொண்டிருந்தன.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார் உரிமையாளர். பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து, அவர்கள் இவரைப் பற்றி எழுதியிருந்த ஓரிரு வரிகளைப் படித்தார். பயிற்சி நிலையத்தின் பக்கத்தில் "முதல் வாரம் இதைப் படித்துவிட்டு வரவும்" என்று இருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

அட்மின் கணக்குகளை அன்றே மூடினோம். விற்றவர் தனக்கென்று ரகசியமாக உருவாக்கியிருந்த இரண்டாவது கணக்கு ஒன்றும், தளத்தின் அடிப்பகுதியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் வேறு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்த ஐந்து லிங்க்குகளும் அகப்பட்டன. நீக்கினோம்.

முகவரி விஷயத்தில் இரண்டு வழிகள் இருந்தன. புதிய ஆங்கில முகவரிகளை அப்படியே விட்டுப் பழையவற்றிலிருந்து ரீடைரக்ட் போடலாம். அல்லது பழைய தமிழ் முகவரிகளுக்கே திரும்பி, புதியவற்றிலிருந்து ரீடைரக்ட் போடலாம். "மூணு மாசத்துல ரெண்டாவது தடவை மாத்தினா கூகுள் குழம்பிடாதா அண்ணா?" என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. நான் திரும்பிப் போகலாம் என்றேன். 19 தளங்களும் அச்சான கையேடும் சுட்டுவது பழைய முகவரியை. புதிய முகவரியைச் சுட்டுகிற நிஜமான ஆள் ஒருவரும் இல்லை. மேலும் ரீடைரக்ட் என்பது என்றைக்காவது ஹோஸ்டிங் மாற்றும்போது தொலைந்துபோகக் கூடியது. குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். தொலைந்தால் எது உடைய வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், வாங்கிய லிங்க்குகள் உடைவதில் நஷ்டம் இல்லை.

பழைய முகவரிகளை மீட்பது நினைத்ததைவிடச் சிரமம். ஹோஸ்டிங்கின் காப்புப்பிரதி நான்கு வாரத்துக்குத்தான். கைகொடுத்தவை இரண்டு: சர்ச் கன்சோல் தன் செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவைப் பக்க முகவரியோடு வைத்திருக்கிறது, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தளத்தின் பழைய நகல்கள் இருந்தன. இரண்டையும் வைத்து எந்தப் பழைய முகவரி எந்தப் பக்கத்துக்குரியது என்று 61-க்கும் ஜோடி சேர்த்தோம். ஏப்ரல் 27-இல் மாற்றம் முடிந்தது. அழிக்கப்பட்ட மூன்று பக்கங்களுக்கு நகல் கிடைக்கவில்லை.

டிஸ்அவோ கோப்பு பற்றித்தான் அதிகம் பேசினோம். இந்தத் தளங்களிலிருந்து வரும் லிங்க்குகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் வசதி அது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற கூகுள் அல்காரிதம் மாற்றம் வந்து, லிங்க் வாங்கிய தளங்கள் சரிந்த பிறகு, அதே வருடம் அக்டோபரில் வந்தது. அப்போது அது உயிர்காக்கும் மருந்து. 2016 செப்டம்பரில் பெங்குவின் முதன்மை அல்காரிதத்தோடு சேர்ந்த பிறகு, மோசமான லிங்க்குகளுக்காகத் தளத்தையே கீழே தள்ளுவதைவிட அவற்றின் மதிப்பைச் சுழியமாக்குவதே அதன் போக்கு. மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால், அல்லது வாங்கிய லிங்க்குகளால் வரும் என்று தோன்றினால் மட்டும் டிஸ்அவோவைப் பயன்படுத்துங்கள் என்பதே கூகுளின் அறிவுரை. நாங்கள் அந்த இரண்டாவது வகையின் விளிம்பில் நின்றோம்.

மகள் ஒரு கட்டணக் கருவியில் தளத்தைப் போட்டு, "நச்சு லிங்க்" என்று அது சிவப்பில் காட்டியதையெல்லாம் கோப்பில் சேர்த்துக் கொண்டுவந்தார். படித்துப் பார்த்தால் பயிற்சி நிலையத்தின் தளமும் அதில் இருந்தது. பழைய வடிவமைப்பு, ஒரே பக்கத்தில் நிறைய வெளி லிங்க்குகள். கருவிக்கு அது சந்தேகமாகப் பட்டிருக்கிறது. ஏற்றியிருந்தால் இருப்பதிலேயே நல்ல லிங்க்கை எங்கள் கையாலேயே வேண்டாமென்று சொல்லியிருப்போம். அதன் பிறகு கருவியை விட்டுவிட்டு, விற்றவரின் தாளில் இருந்த தளங்களை மட்டும் வைத்துக் கோப்பைத் தயாரித்தோம். ஏற்றவில்லை. அறிவிப்பு ஏதாவது வந்தால் ஏற்றலாம் என்று வைத்திருக்கிறோம். இது சரியா என்று கேட்டால், இதே நிலையில் உடனே ஏற்றிவிடுவேன் என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள்.

மே முதல் ஜூலை வரை: கடிதங்கள்

19 தளங்களும் சுட்டியது வெறும் நான்கு பக்கங்களை: ஊசி எண் அட்டவணை, நூல் சிக்கல் பட்டியல், எண்ணெய் விடும் இடங்களின் படம், துணிக்கேற்ற நூல்-ஊசி ஜோடி. முகப்பைச் சுட்டியவர் ஒருவரும் இல்லை. விற்றவரோ 412-இல் பெரும்பாலானவற்றை முகப்புக்கே கொடுத்திருந்தார்.

எனவே அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். அட்டவணையில் 90/14 என்றால் என்ன என்பதை உரிமையாளர் புதிதாக எழுதினார்: 90 என்பது ஊசியின் கனம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கணக்காகக் கொண்டது, அதாவது 0.9 மில்லிமீட்டர், 14 என்பது அதே கனத்துக்கு இன்னொரு முறையில் உள்ள எண். வீட்டு மிஷினுக்கான எச்ஏ×1 ஊசிக்குத் தண்டில் ஒரு பக்கம் தட்டை. தொழிற்கூட மிஷினின் டிபி×1 ஊசிக்குத் தண்டு முழு உருண்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தார். ஒரே தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டும்படி ஒரு பதிப்பும், தளத்தின் பெயரோடு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியும் சேர்த்தோம்.

பிறகு கடிதம். முதல் ஐந்து கடிதங்களை நான் எழுதினேன், ஒன்றுக்கும் பதிலில்லை. "உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும்" என்ற மாதிரி வாசகங்கள். படித்துப் பார்த்த உரிமையாளர், "இது அந்த லிங்க் விக்கறவன் எனக்கு எழுதின மாதிரியே இருக்கு தம்பி" என்றார். உண்மைதான். ஆறாவதை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினார். கற்றுத்தரும் தளம் ஒன்றின் அட்டவணையில் எச்ஏ×1, டிபி×1 இரண்டும் ஒன்று என்று இருந்தது. கடிதம் ஏறக்குறைய இப்படி: "உங்கள் பட்டியலில் இந்த இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. இதைப் பார்த்து வாங்கிய ஒருவர் உருண்டைத் தண்டு ஊசியை வீட்டு மிஷினில் மாட்ட முயன்று, கண் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் என்னிடம் கொண்டுவந்தார். படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்." லிங்க் என்ற சொல்லே அதில் இல்லை. மறுநாள் திருத்தினார்கள், படத்தையும் போட்டார்கள், தளத்துக்கு லிங்க்கும் கொடுத்தார்கள்.

மூன்று மாதத்தில் மொத்தம் 26 கடிதங்கள். 11 பதில்கள், 7 லிங்க்குகள். ஒருவர் எங்கள் திருத்தத்துக்குக் கோபித்துக்கொண்டார். ஒருவர் பணம் கேட்டார், மறுத்தோம். ஒருவர் லிங்க் கொடுத்தார், ஆனால் நோஃபாலோ குறியோடு; இந்த லிங்க்கை என் சிபாரிசாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. இந்தக் குறி 2005-இல் கருத்துப் பெட்டி ஸ்பேமைத் தடுக்க வந்தது. 2019-இல் விளம்பர லிங்க்குக்கும் வாசகர் இடும் லிங்க்குக்கும் தனித்தனிக் குறிகள் சேர்ந்தன, அப்போதிலிருந்து கூகுள் நோஃபாலோவைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. மகளுக்கு ஏமாற்றம். ஆனால் ஏழில் அதிக ஆட்களை அனுப்பியது அந்த நோஃபாலோ லிங்க்தான், வந்தவர்கள் சராசரியாக மூன்று பக்கமாவது பார்த்தார்கள்.

விளைவு

பழைய முகவரிகள் திரும்பிய ஐந்தாவது வாரத்தில் 404 பட்டியல் மூன்றாகக் குறைந்தது. ஜூன் முடிவில் தேடல் கிளிக் நாளுக்கு 95. 2025 ஜனவரியில் 165. கேட்காமலே மேலும் 5 தளங்கள் லிங்க் கொடுத்திருந்தன, ஆக 19 இப்போது 31. கையேட்டு ஆர்டர்களும் கூடின, ஆனால் பெருமளவில் இல்லை. அட்டவணை இலவசமாகக் கிடைத்த பிறகு கையேடு எதற்கு என்று சிலர் நினைத்திருக்கலாம்.

எல்லாம் திரும்பவில்லை. எண்ணெய் வகைகள் பற்றிய பக்கம் முன்பு முதல் மூன்று இடத்தில் இருந்தது. இன்றுவரை இரண்டாம் பக்கத்தைத் தாண்டி வரவில்லை. அது முகவரி மாறியதாலா, மார்ச் மாதத்து அல்காரிதம் மாற்றத்தாலா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டன.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. லிங்க்குகளை எடுக்கச் சொன்னதற்கு, எடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்றார். இப்போது அந்த 412-இல் பாதிக்கு மேல் தானாகவே செத்துவிட்டன.

மறுபடி செய்தால்

சர்வர் லாக்கை முதல் நாளே எடுத்து வைப்பேன். லிங்க் பட்டியலோடு மல்லுக்கட்டிய இரண்டு நாளில், 30 நாள் லாக்கின் பழைய முனையிலிருந்து இரண்டு நாள் அழிந்துபோயிருந்தது. அந்த நாட்களில் யார் யார் வந்து திரும்பினார்கள் என்பது இனி தெரியப் போவதில்லை.

முகவரியைத் திருப்பியதும் நான்கு பக்கங்களைத் திருத்தியதும் அடுத்தடுத்து நடந்தன. இடையில் ஆறு வாரம் விட்டிருந்தால் எந்த வேலைக்கு எவ்வளவு பலன் என்று சொல்லியிருக்கலாம். உரிமையாளரின் பதற்றத்தில் நானும் அவசரப்பட்டேன். 165-இல் எவ்வளவு மீட்பு, எவ்வளவு வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம்.

கடிதங்களை ஆரம்பத்திலேயே அவரிடம் விட்டிருப்பேன். தளத்தின் ஊசிப் பக்கத்தைப் படித்திருந்தாலும், தவறான ஊசியோடு வந்த ஆளை நான் பார்த்ததில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

மகள் இப்போது மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, என்ன தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறார். அழிந்த மூன்று பக்கங்களில் ஒன்றின் முகவரிக்கு இன்னும் ஆள் வருகிறார்கள், மாதம் நான்கைந்து பேர். முகவரியை விரித்துப் படித்தால் "மிதி மிஷின் தோல் பட்டை" என்று வருகிறது. கால் மிஷினின் பெல்ட்டை எப்படி அளந்து வெட்டுவது என்ற பக்கமாக இருக்க வேண்டும். என்ன எழுதினோம் என்று அப்பாவுக்கும் நினைவில்லை, மகளுக்கும் நினைவில்லை. புதிதாக எழுதியாகிவிட்டது. படம் இன்னும் வரையவில்லை என்பதால், இதை எழுதும்போதும் அந்த முகவரியில் 404 தான்.